டம்மி லோடில் 5 வாட், டைபோலில் 1 வாட்: எங்கே போகுது?

கேள்வி (மன்னார்குடி): 40 மீட்டர் அலைவரிசை ஹாம் ரேடியோ செட், பவர் டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510, 12 வோல்ட் பேட்டரி. மழைக்கு அப்புறம் டைபோலில் (ரெண்டு பக்கமும் கம்பி இழுத்த ஆன்டெனா) எஸ்டபிள்யூஆர் 4 (பவர் திரும்பி வர்றதைக் காட்டுற அளவு, 1-னா நல்லது). ஐஆர்எஃப் கொதிக்குது.

பதில் 1: செட்டை நோண்டாதீங்க. டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டுற ரெசிஸ்டர்) கோக்ஸ் கேபிளோட மறுமுனையில, ஆன்டெனா பக்கம் மாட்டுங்க. 15 மீட்டர் ஆர்ஜி-58 வகைக் கேபிள்னா அங்க 4 வாட்டுக்கு மேல வரணும். வரலைன்னா கேபிளுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. முனை உறையைக் கீறுங்க, உள்ளே இருக்குற செம்புக் கம்பிப் பின்னல் கறுத்திருந்தா செம்பு பளிச்சுனு தெரியுற வரைக்கும் வெட்டிடுங்க. ஈரக் கோக்ஸ் சில சமயம் எஸ்டபிள்யூஆரைக் குறைச்சே காட்டும், நம்பாதீங்க.

பதில் 2: அங்க 4 வாட் வந்துட்டா டைபோல் கம்பிதான் கோளாறு. கம்பி முனையில வோல்டேஜ் அதிகம். நனைஞ்ச தென்னை மட்டை உரசினாலே டியூனிங் நகர்ந்துடும். ஒரு மீட்டர் நைலான் கயிறு விட்டுக் கட்டுங்க. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பக்கம் சுமார் 10 மீட்டர்.

கேட்டவர்: மறுமுனையில 1.5 வாட். பின்னல் கரி மாதிரி இருக்கு.

பதில் 1: வெட்டுங்க. புது முனைக்கு செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப் (தன்னோட தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்) சுத்துங்க. கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு ஏத்துங்க, தண்ணி அங்கேயே சொட்டிடும்.