போர்வெல் தண்ணில ஆர்சனிக் 14 பிபிபி, டைல்யூட் பண்ணா 95 ஆகுது! யாராவது சொல்லுங்க

பாலாறு_லேப்:
வணக்கம், ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மாவுல அணுவ அயனியாக்கி நிறை வாரியா எண்ணற மெஷின்) முன்னாடி உக்காந்து மூணு நாளா மண்டை காயுது. வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடற ஷாப்புங்க இருக்கற ஏரியா போர்வெல் தண்ணி, வாயில வச்சாலே உப்பு கரிக்கும், டிடிஎஸ் (கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 4200 பிபிஎம், குளோரைடு 1800 பிபிஎம். ஆர்சனிக் 14 வருது, குடிதண்ணி லிமிட்டே 10 தான், ரிப்போர்ட்ல கையெழுத்து போட பயமா இருக்கு. ஆனா ஸ்பைக் ரிகவரி (சாம்பிள்ல தெரிஞ்ச அளவு ஆர்சனிக் சேத்து அது திரும்ப வருதான்னு பாக்கறது) 97%, சிஆர்எம் (அளவு சான்றோட வர்ற சாம்பிள்) பாஸ், பிளாங்க் (வெறும் கரைசல்) சுத்தம். சரி மேட்ரிக்ஸ் (தண்ணில இருக்கற மத்த உப்புங்க) தகராறா இருக்கும்னு 10 மடங்கு டைல்யூட் பண்ணி ஓட்டி திரும்ப பெருக்கினா 95!! அதே தண்ணிதாங்க.

உப்புக்கல்:
கன்டாமினேஷன்தான். டியூபெல்லாம் 10% நைட்ரிக்ல ஒரு ராத்திரி ஊற போடுங்க.

பாலாறு_லேப்:
போட்டாச்சுங்க, அதே கதை.

பழைய_கெமிஸ்ட்:
என்ன ஆசிட்மா? ஸ்டாண்டர்டுல என்ன, சாம்பிள்ல என்ன, தனித்தனியா சொல்லு. மெஷின் செல்லுக்குள்ள ஹீலியம் விடற கேஸ் மோடா, நோ கேஸா?

பாலாறு_லேப்:
சார், ஸ்டாண்டர்ட், பிளாங்க், சிஆர்எம் மூணும் 2% நைட்ரிக். சாம்பிள்ல மட்டும் கூட 1% ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் ஆசிட்), அதே ரன்ல மெர்க்குரியும் பாக்கணும், நைட்ரிக் மட்டும்னா மெர்க்குரி குழாய்ல ஒட்டிக்கிட்டு அடுத்த சாம்பிள்ல வந்து நிக்குது. டைல்யூட் பண்ணதும் அதே கலவைலதான். நோ கேஸ்.

பழைய_கெமிஸ்ட்:
திருடன் கிடைச்சான். பிளாஸ்மா கேஸ் ஆர்கான் நிறை 40, குளோரின் நிறை 35, பிளாஸ்மாவுல ரெண்டும் ஒட்டிக்கிட்டா 75. ஆர்சனிக்குக்கு இருக்கறதே அந்த 75 ஒண்ணுதான், தப்பிச்சு போக வேற ஐசோடோப் கிடையாது. 1% ஹெச்சிஎல்னா ஏறக்குறைய 4300 பிபிஎம் குளோரைடு, தண்ணில இருக்கறத விட நீ ஊத்தினது ரெண்டு மடங்குக்கு மேல! டைல்யூட் பண்ணப்ப தண்ணியோட குளோரைடு பத்துல ஒண்ணாச்சு, நீ ஊத்தினது அப்படியே நிக்குது, அதையும் சேத்து 10ஆல பெருக்கிட்ட.
ஸ்பைக் ரிகவரிய வச்சு தப்பிக்க முடியாது. ஸ்பைக் போட்டதுலயும் போடாததுலயும் அதே பொய் 75 இருக்கு, கழிக்கறப்ப அடிபட்டு போயிடும். சிக்னல் அமுங்குதான்னு அது சொல்லும், மேல ஏறி உக்காந்திருக்கறத சொல்லாது.
வெறும் ஆசிட் கலவைய மட்டும் ஓட்டு. நைட்ரிக் பிளாங்க கழிச்சப்புறம் 75ல வர்ற கவுண்ட்ல மூணுல ஒரு பங்கு 77ல வந்தா குளோரின்தான், குளோரின் 35க்கும் 37க்கும் இயற்கையிலேயே அந்த விகிதம்.

பாலாறு_லேப்:
ஐயோ. வெறும் ஆசிட்லயே 9.2 சார்! 77ம் நீங்க சொன்ன மாதிரியே. சிஆர்எம்ல ஹெச்சிஎல் இல்லாததால அது பாட்டுக்கு பாஸ் ஆயிட்டே இருந்திருக்கு. இப்ப ஹெச்சிஎல்ல விட்டுடவா?

குழாயடி:
விட்டாலும் தண்ணியோட 1800 எங்க போகும், அப்புறம் உங்க மெர்க்குரி? ஹெச்சிஎல் இருக்கட்டும், ஸ்டாண்டர்டுலயும் அதையே போட்டுட்டு ஹீலியம் மோடுக்கு போங்க. ஆர்கான்-குளோரின் ஜோடி உருவத்துல பெருசு, செல்லுக்குள்ள ஹீலியத்தோட அதிக தடவ மோதி வேகம் போயிடும், வாசல்ல இருக்கற வோல்டேஜ் தடுப்ப தாண்டாது, ஒத்த ஆர்சனிக் தாண்டிடும். கவுண்ட் குறையும், பதறாதீங்க. ஆமா, 4200 டிடிஎஸ்ஸ, அதாவது 0.42%, அப்படியேவா உறிஞ்ச விட்டீங்க? 0.2%க்கு மேல நேரா விடக்கூடாதுங்க.

பாலாறு_லேப்:
விட்டேங்க... இன்டர்னல் ஸ்டாண்டர்ட் (சிக்னல் அமுங்குதான்னு பாக்க எல்லாத்துலயும் ஒரே அளவு போடற வேற தனிமம்) 68%க்கு இறங்குச்சு, சாஃப்ட்வேர் சரி பண்ணிக்கும்னு விட்டுட்டேன்.

பழைய_கெமிஸ்ட்:
😀 லேப்ல ஹைட்ரைடு ஏஏஎஸ் (ஆர்சனிக்க வாயுவாக்கி அது ஒளிய உறிஞ்சறத அளக்கற மெஷின்) இருந்தா 193.7 நானோமீட்டர்ல ஒரு தடவ பாத்துடு. பொட்டாசியம் அயோடைடு போட்டு ஆர்சனிக் 5ஐ ஆர்சனிக் 3 ஆக்கிட்டு ஓட்டணும். அங்க ஹெச்சிஎல் லிட்டர் கணக்குல போகும், அதுக்கு குளோரைடு ஒரு பொருட்டே இல்ல.

பாலாறு_லேப்:
முடிஞ்சுது. ஹீலியம் மோடு, 5 மடங்கு டைல்யூஷன்ல 1.2, 10 மடங்குல 1.1. மூலைல தூசி படிஞ்சு கிடந்த ஹைட்ரைடு மெஷின்ல 1.3. ரொம்ப நன்றி சார், ரொம்ப நன்றிங்க. போன்ல கிளையண்ட் கிட்ட 14னு உளறி வச்சிருக்கேன், அவர்கிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல. ஐசிபி-எம்எஸ்ல பிளாஸ்மாவுக்கு எதிர்ல இருக்கற கோன கழட்டி பாத்தேன், ஊறுகா ஜாடி மூடி மாதிரி உப்பு பூத்திருக்கு.