குழந்தைக்கு முதல் பல் தெரிந்ததா? டென்டிஸ்ட்டுக்கு போன் பண்ணுங்கள் (இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

கைக்குழந்தையோடு இங்கே வருபவர்கள் ஜி.பி.யில் (குடும்ப டாக்டரிடம்) பதிவு செய்துவிடுகிறார்கள். தடுப்பூசிக்கும் தவறாமல் போகிறார்கள். பல் மட்டும் விட்டுப்போகிறது. "எட்டு மாசக் குழந்தைக்கு டென்டிஸ்ட் எதுக்கு? பால் பல்லுதானே, விழுந்துடப் போகுது" என்று ஊரிலிருந்து அம்மாவும் சொல்வார், மாமியாரும் சொல்வார்.

விழத்தான் போகிறது. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயது ஆகும். அதுவரை பிள்ளை அதை வைத்துத்தான் மென்று சாப்பிட வேண்டும். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேருவதற்கு முதல் காரணமே பல் சொத்தைதான். முழு மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குகிறார்கள். வலி வந்த பிறகுதான் பிள்ளை முதன்முறையாக அந்த நாற்காலியைப் பார்க்கிறது என்றால், பயம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இங்குள்ள குழந்தைப் பல் மருத்துவர் சங்கம், முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று 2017 முதல் பிரசாரமே நடத்துகிறது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டுவார்கள். கொழுக்கட்டையின் ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல் வரிசையாகச் செருகி அவித்து, குழந்தையின் தலையில் கொட்டி ஆசீர்வதிப்பார்கள். அந்த விசேஷம் நடக்கும் வாரமே டென்டிஸ்ட்டுக்கும் போன் போட்டுவிடுங்கள். நம் வீடுகளில் அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் நேரம் அதுதான்.

முன்கூட்டியே பேசச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் வைத்தியம் முழுக்க இலவசம். கஷ்டம், இடம் கிடைப்பதில்தான். பல ஊர்களில் புதிதாக ஆள் சேர்ப்பதில்லை. ஆனால் பெரியவர்களைச் சேர்க்காத கிளினிக்குகள் சிலவற்றில் குழந்தைகளை மட்டும் சேர்ப்பார்கள். என்.எச்.எஸ். இணையதளத்தில் அந்த விவரத்தைத் தனியாகவே போட்டிருப்பார்கள். அது பழைய தகவலாகவும் இருக்கலாம், அதனால் நேரடியாகப் போன் செய்து கேட்பதுதான் நல்லது. ஜி.பி. மாதிரி இந்த ஏரியாக்காரர் மட்டும் என்ற எல்லை இதில் கிடையாது. பக்கத்து டவுனில் இடம் இருந்தால் அங்கே போகலாம். "பெற்றோர் பிரைவேட்டில் சேர்ந்தால்தான் பிள்ளையை என்.எச்.எஸ்.ஸில் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால், அப்படி நிபந்தனை போட அவர்களுக்கு அனுமதி இல்லை. தயங்காமல் கேளுங்கள்.

போகும் நாளில் காலை நேரமாக, குழந்தை தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும்போது போங்கள். குழந்தையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷனில் ஒரு படிவம் கொடுப்பார்கள், பிள்ளை சார்பில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

உள்ளே நடப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிட வேலை. குழந்தை உங்களைப் பார்த்தபடி உங்கள் மடியில் கால்களை விரித்து உட்காரும். டாக்டர் உங்களுக்கு எதிரே முழங்காலோடு முழங்கால் முட்ட உட்காருவார். குழந்தையை அப்படியே பின்னால் சாய்த்தால் தலை அவர் மடியில் இருக்கும், கண் உங்கள் முகத்தில் இருக்கும். கையை மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுதால் பதற வேண்டாம்; வாய் நன்றாகத் திறக்கும், அவருக்கு வேலை சுலபம். மேல் உதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தைப் பார்ப்பார். அங்கே சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் சொத்தையின் தொடக்கம் என்று அர்த்தம். இதை வீட்டிலும் மாதம் ஒருமுறை நீங்களே பார்க்கலாம். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். பிள்ளைகளுக்கு அந்த இடைவெளி ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது.

பிறகு கேள்விகள் வரும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், திட்ட மாட்டார்கள். இரவில் பால் பாட்டிலோடு தூங்குகிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். தூக்கத்தில் எச்சில் குறைவதால் பால் பல்லிலேயே தங்கி அரிக்கும். பாலில் சர்க்கரை, பனங்கற்கண்டு, பாசிப்பருப்புக் கஞ்சியில் வெல்லம், சூப்பானில் தேன்: பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான். தேன் ஒரு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, அது பல்லைவிடப் பெரிய ஆபத்து. ஆறு மாதம் முதல் கப்பில் குடிக்கப் பழக்கி, ஒரு வயதில் பாட்டிலை நிறுத்தச் சொல்வார்கள்.

பேஸ்ட் விஷயத்தில் நம்மவர்கள் ரொம்பக் குழம்புகிறார்கள். முதல் பல்லிலிருந்தே புளோரைடு (பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் பொருள்) உள்ள பேஸ்ட் வேண்டும், அதன் அளவு குறைந்தது 1000 பி.பி.எம். (ppm). டியூபின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும். ஊரிலிருந்து பெட்டியில் வரும் மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் புளோரைடே இருக்காது, அதைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மூன்று வயது வரை பிரஷ்ஷில் லேசாகத் தடவினால் போதும், அதன் பிறகு பட்டாணி அளவு. இரவு படுக்கும் முன் ஒருமுறை, பகலில் ஒருமுறை. குழந்தையை மடியில் முதுகு காட்டி உட்கார வைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு தேய்த்தால் கை சரியாகப் போகும். துப்பப் பழகிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க விடாதீர்கள், புளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை டாக்டரே பல்லின் மேல் புளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பூசிவிடுவார்.

ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் ஹெல்த் விசிட்டரிடம் (கைக்குழந்தைகளைக் கவனிக்கும் நர்ஸ்) சைல்ட்ஸ்மைல் என்ற குழந்தைப் பல் நலத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், டென்டிஸ்ட்டைப் பிடித்துக் கொடுக்கவும் உதவுவார்கள்.

அம்மாக்களுக்கு ஒன்று. கர்ப்ப காலத்திலும், பிரசவமாகி 12 மாதம் வரையிலும் உங்களுக்கும் என்.எச்.எஸ். பல் வைத்தியம் இலவசம். அதற்கான கட்டண விலக்குச் சான்றிதழை மிட்வைஃப் (பிரசவ நர்ஸ்) அல்லது ஜி.பி.யிடம் கேட்டு வாங்கலாம். குழந்தைக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்கும் அதே போனில், உங்களுக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். அந்த 12 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.