இரண்டும் இடது கை

தெற்கு மாசி வீதிக் குடும்பம்
சனிக்கிழமை

கற்பகம் (3:12): [படம்]
பெரியம்மா, இருக்கிறீர்களா? வலது கையைத் தூக்கினால் ரவிக்கையின் தோள் முழுவதும் கழுத்துக்கு ஏறுகிறது. இடது கை நன்றாகத்தான் இருக்கிறது.

முருகன் (3:14): இடது கையை மட்டும் தூக்கு.

கற்பகம் (3:14): அண்ணா, நாளை காலை நாத்தனாருக்கு வளைகாப்பு. இடது கையாலா வளையல் போடுவது?

சித்தி (3:16): இது நான் வாங்கிக் கொடுத்த சுங்குடி அல்லவா? அதற்குள் வெட்டிவிட்டாயா?

கற்பகம் (3:17): கடையில் கேட்டேன் சித்தி. முகூர்த்த மாதம், பத்து நாள் ஆகும் என்றார்கள். அப்பத்தாவின் மெஷின் சும்மாதானே இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பெரியம்மா (3:25): இப்போதுதான் பார்த்தேன். கையின் மேல் வளைவில் ஒரு பக்கம் கொஞ்சம் ஆழமாக இருக்கும். அது முன்னால் வர வேண்டும். இடது கையில் எங்கே இருக்கிறது?

கற்பகம் (3:27): முன்னால்.

பெரியம்மா (3:27): வலது கையில்?

கற்பகம் (3:29): பின்னால்.

பெரியம்மா (3:30): அப்படியானால் உனக்கு இரண்டும் இடது கை. துணியை மடித்துப் போட்டு வெட்டவில்லையா?

கற்பகம் (3:32): துணி போதாது போலிருந்தது. ஒற்றையாக விரித்து ஒரு கையை வெட்டினேன். அதே காகிதத்தை நகர்த்தி வைத்து இன்னொன்றை வெட்டினேன்.

பெரியம்மா (3:33): நகர்த்தினாய், திருப்பவில்லை. போகட்டும், அழாதே. என் முதல் ரவிக்கையும் இப்படித்தான். மீனாட்சி கோயில் எதிரே புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மெஷின் போட்டிருந்த காலம் அது. அங்கே ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். விரித்துப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு முதுகிலும் ஒரு கை இருக்கிறதா?" என்று பக்கத்துத் தூண்காரரிடம் கேட்டார். சுற்றியிருந்த எல்லா மிதிகளும் ஒரே நேரத்தில் நின்றன.

முருகன் (3:35): பெரியம்மா, இதை ஏன் இத்தனை நாள் மறைத்தீர்கள்?

பெரியம்மா (3:38): சுங்குடி என்பதால் தப்பித்தாய் கற்பகம். முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குகிற துணி. சாயம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே ஏறியிருக்கும். வலது கையைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துவிடு. வலது கை வந்துவிடும்.

கற்பகம் (3:51): [படம்]
பிரித்துத் திருப்பினேன். உள்பக்கம் வெளுத்துப் போய் இருக்கிறது பெரியம்மா. புள்ளிகளே சரியாகத் தெரியவில்லை.

பெரியம்மா (3:54): படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாப் புள்ளியும் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவு. கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. நடுவில் ஊசிமுனை அளவு நிறமும் நிற்கும். இது அச்சடித்த சேலை.

சித்தி (3:55): கையால் கட்டியது என்றுதான் கடைக்காரர் சொன்னார்!

முருகன் (3:55): விலையும் அப்படித்தான் சொன்னாரா சித்தி?

சித்தி (3:56): இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியம்மா (3:58): சண்டை பிறகு. கற்பகம், சேலையின் அடிக்கரையில் ஃபால்ஸ் பட்டை தைத்தாயிற்றா?

கற்பகம் (3:58): இல்லை. கைத்தையல் என்பதால் இரவுக்குத் தள்ளி வைத்தேன்.

பெரியம்மா (4:01): நல்லது. சேலையின் உள்தலைப்பில், இடுப்பில் செருகுகிற பக்கம், குறுக்கே 14 அங்குலம் வெட்டு. ஐந்தரை மீட்டரில் அது போனால் ஒன்றும் குறையாது. கரை கையின் நுனியில் வருவது போல் காகிதத்தை வை. இந்த முறை காகிதத்தைத் திருப்பி வை. வெட்டுவதற்கு முன் படம் அனுப்பு.

கற்பகம் (4:20): [படம்]

பெரியம்மா (4:21): சரி. வெட்டு.

கற்பகம் (4:33): கத்தரிக்கோல் துணியை மென்று தின்கிறது, வெட்டவில்லை. காலையில் நன்றாக இருந்தது. @சரவணன், இதைத் தொட்டீர்களா?

சரவணன் (4:35): பால் பாக்கெட் மட்டும்தான் வெட்டினேன்.

பெரியம்மா (4:35): மாப்பிள்ளை!

சித்தி (4:36): எங்கள் வீட்டில் மீன் செதிலே நறுக்கியிருக்கிறார்கள்.

பெரியப்பா (4:50): இயந்திரம் என்றாலே முகம் சுளித்த காந்தி, தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் அதை அன்பினால் உருவாக்கினார் என்று 1924இல் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா (4:53): அந்த சிங்கருக்கு இருபதுக்கு மேல் பிள்ளைகள் என்று நீங்கள்தான் போன வாரம் படித்துக் காட்டினீர்கள். அத்தனை பேருக்கும் சட்டை தைக்க வேண்டாமா? அது கிடக்கட்டும். என் மெஷின் மேல் பழைய பேப்பர் கட்டை எந்த அன்பினால் ஏற்றி வைத்தீர்கள்?

பெரியப்பா (4:54): 2020இல் என் புது வேட்டியைக் கிழித்து முகக்கவசம் தைத்தாயே, அன்றிலிருந்து அதற்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

கற்பகம் (5:40): [படம்]
கையை வைத்துத் தைத்தால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. அடிநூல் பாபினை நான்கு முறை மாற்றிவிட்டேன். மிதியும் கல் மாதிரி கனக்கிறது.

பெரியம்மா (5:52): அடியில் சிக்கினால் குற்றம் பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். நாம் பாவம் பாபினைத் திட்டுவோம். மேல்நூல் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே இறுக்கமாகப் போக வேண்டும். துணியை அழுத்துகிற காலை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் தகடுகள் நெருங்கியிருக்கும், நூல் உள்ளே இறங்காமல் மேலேயே மிதக்கும். பிடித்து இழுக்க ஆள் இல்லாத நூல் எல்லாம் அடியில் போய்க் குவியும். காலைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோர். ஊசியில் நீளப் பள்ளம் ஓடுகிற பக்கத்திலிருந்து நூலை நுழை. வெட்டு விழுந்த துணியில் நாலு விரல் தைத்துப் பார்த்துவிட்டு ரவிக்கைக்குப் போ. மிதி கனப்பதற்கு என்ன எண்ணெய் விட்டாய்?

கற்பகம் (5:55): நான் விடவில்லை. மெஷினைத் துடைத்து வைத்ததே இவர்தான்.

சரவணன் (5:57): தேங்காய் எண்ணெய். சுத்தமான செக்கு எண்ணெய் அத்தை.

பெரியம்மா (5:58): தலைக்கு நல்லது மாப்பிள்ளை. மெஷினுக்குள் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். ஓசூர்க் குளிருக்கு உறையவும் செய்யும். மெஷின் எண்ணெய் வாங்கி வந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விடுங்கள். நூலை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வெறுமனே மிதியுங்கள். நீங்களே மிதியுங்கள்.

சரவணன் (6:40): மிதித்துக்கொண்டிருக்கிறேன். சில சமயம் பின்பக்கமாகச் சுற்றுகிறது.

முருகன் (6:41): கைச்சக்கரத்தை உங்கள் பக்கம் ஒரு தள்ளு தள்ளிவிட்டு மிதியுங்கள் மச்சான். சின்ன வயதில் அப்படிப் பின்னால் சுற்றி நூலை அறுத்து அப்பத்தாவிடம் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன்.

கற்பகம் (8:15): [படம்]
இரண்டு கையும் தலைக்கு மேல். தோள் அசையவில்லை! தையல் கோடு போட்டது போல் ஓடுகிறது பெரியம்மா. அந்தச் சத்தம், அப்பத்தா வீட்டு மதியச் சத்தம் அப்படியே.

பெரியம்மா (8:19): கையைக் கீழே போட்டு ஒரு படம். ம், கரை இரண்டு கையிலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. கழுத்து ஓரத்தில் ஒரு நூல் தொங்குகிறது, கத்தரித்துவிடு.

சித்தி (8:21): வெளிப்பக்கம் பார்த்தால் யாருக்கும் அச்சு என்று தெரியாது.

கற்பகம் (8:22): தெரியாது சித்தி. நானும் சொல்லமாட்டேன். மிச்சத் துணியில் பாப்பாவுக்குத் தலைப்பட்டை தைத்துவிட்டேன். கத்தரிக்கோலைப் பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று.

சரவணன் (8:30): காலையில் பால் பாக்கெட்டை எதால் வெட்டுவது?

பெரியம்மா (8:30): பல்லால்.