நடுமுக வளர்ச்சித் தேக்கம்: ‘பின்னடைவு’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம். பிளவு அண்ணம் (மேல்வாய்ப் பிளவு) தைத்த பிள்ளைகளுக்கு வளர வளர முகத்தின் நடுப்பகுதி, அதாவது மேல்தாடை, போதியளவு முன்னுக்கு வளராமல் போவதற்குத் துண்டுப்பிரசுரத்தில் போட ஒரு தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘மேல்தாடைப் பின்னடைவு’ என்றே வைத்துவிடலாம், யாருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். மட்டக்களப்பில் பிளவு உதடு, பிளவு அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளின் வீட்டாருக்கு வைத்தியர் சொல்வதை எடுத்துச் சொல்கிற வேலை எனக்கு. போன கிழமை இந்தச் சொல்லை 13 வயதுப் பையன் ஒருவனிடம் சொன்னேன். “நான் படிப்பில பின்னடைவு இல்லையே” என்றான், முகம் சுருங்கிப் போயிற்று. தேர்தலுக்கும் பரீட்சைக்கும் சொல்கிற சொல்லை ஒரு பிள்ளையின் முகத்துக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நடப்பது இதுதான். உதட்டை ஏறக்குறைய 3 மாதத்திலும், அண்ணத்தைப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள்ளும் தைப்பார்கள். அண்ணத்தில் ஆறிய வடு இறுகி, மேல்தாடை முன்னுக்கும் அகலத்துக்கும் வளர்வதை இழுத்துப் பிடிக்கிறது. சின்ன வயதில் அது அவ்வளவாகத் தெரியாது, பருவ வயதில் கீழ்த்தாடை வேகமாக வளரும்போதுதான் மூக்கடி பள்ளமாகத் தெரியத் தொடங்கும், கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்தப் பையன் கையிலிருந்த பணிஸை முன்பல்லால் கடிக்கவில்லை, கடைவாய்ப் பக்கம் திருப்பி, தலையைச் சரித்துப் பிய்த்தான். தாய் அதைப் பார்த்துவிட்டு, “முந்தி நல்லா இருந்த முகம், இப்ப உள்ளுக்க போகுது” என்றார்.

அவர் சொன்னதை வைத்து ‘நடுமுக உள்வாங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு, கடல் உள்வாங்குது என்று ஒரு கதை வந்தாலே கல்லடியில் சனம் எழும்பி ஓடும். பயம் ஒரு பக்கம் இருக்க, பொருளும் பிழைக்கிறது. மேல்தாடை பின்னால் போகவேயில்லை, அது மெல்ல வளர, கீழ்த்தாடை அதைக் கடந்து போய்விடுகிறது.

‘வடுத்தடை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். காரணத்தைச் சரியாகப் பிடித்த சொல். சத்திரசிகிச்சை இல்லாமலே வளர்ந்தவர்களின் மேல்தாடை பெரும்பாலும் இயல்பாக முன்னுக்கு வளர்கிறது என்று காட்டியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு, பிரித்தானியப் பல்சீரமைப்பு வைத்தியர் மைக்கேல் மார்ஸ் இலங்கையில் அப்படியான, 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் முகங்களை அளந்து 1990இல் வெளியிட்டார். ஆனால் இதைத் துண்டுப்பிரசுரத்தின் தலைப்பில் போட்டால், மடியில் கைக்குழந்தையோடு வருகிற தாய் தைத்தால் முகம் கெட்டுவிடும் என்றுதான் எடுத்துக்கொள்வார். தைக்காமல் விட்டால் பிள்ளையின் பேச்சு மூக்கால் போய்விடும், காதும் பாதிக்கும். வடுவைப் பற்றி உள்ளே விளக்கமாக எழுதலாம், பெயரில் வேண்டாம்.

அதனால் என் பரிந்துரை ‘நடுமுக வளர்ச்சித் தேக்கம்’. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் ஓரிடத்தில் தேங்குவது வயல் பார்த்த எவருக்கும் தெரியும். சிறு தேக்கம், கடுந்தேக்கம் என்று படி சொல்லவும் வரும். வளர்ச்சி முடிந்தபின், பெரும்பாலும் 17, 18 வயதளவில், மேல்தாடையை அறுத்து முன்னுக்கு நகர்த்திப் பொருத்துவதை ‘தேக்கம் தீர்த்தல்’ என்று தாய்மாருக்குச் சொல்லிப் பார்த்தேன், திரும்பக் கேட்கவில்லை. ஒரு குறை உண்டு: வெறும் ‘தேக்கம்’ என்றால் இரத்தத் தேக்கம், நீர்த்தேக்கம் என்று குழம்பும், ஆகவே ‘வளர்ச்சி’யை விட்டுவிடக் கூடாது.

அப்புறம், தயவுசெய்து ‘அன்னப்பிளவு’ என்று எழுதாதீர்கள். அன்னம் சோறு, மேல்வாய் அண்ணம். மூன்று மடல்களில் பார்த்துவிட்டேன்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் உள்ளவர்கள் வீட்டில் உம்மாமாரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அங்கே ‘தேக்கம்’ வேறு எதையாவது நினைவுபடுத்தினால் உடனே எழுதுங்கள், பிரசுரம் அடுத்த கிழமை அச்சுக்குப் போகிறது.