மடக்கு சைக்கிள்: ஏற்காடு ஏறும்போது நடுவுல 'கடக் கடக்', இறங்கும்போது முன் டியூப் வெடிச்சிடுச்சு, உதவி வேணும்

அம்மாபேட்டை 20 இன்ச்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாலு மாசம் முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல ஒரு மடக்கு சைக்கிள் வாங்கினேன். அலுமினியம் பிரேம், 20 இன்ச் வீல், பின்னாடி 7 கியர், முன்னாடி ஒரே செயின் வீல் 52 பல்லு. டெய்லி சேலம் அம்மாபேட்டைல இருந்து ஜங்ஷன் வரைக்கும் ஓட்டி, மடக்கி, ஈரோடு ட்ரெயின்ல ஏத்தி, அங்க இறங்கி ஆபீஸ் வரைக்கும் ஓட்டுறேன், அதுல ஒரு குறையும் இல்ல, இந்த வண்டி வந்ததுக்கு அப்புறம் பஸ்ஸுக்கு நிக்கிற நேரமே போச்சு, அதனாலயே இது மேல எனக்கு ரொம்ப பிரியம்.

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலைல அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறிப் பாக்கலாம்னு கிளம்பினேன். மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே முட்டி வலி, கடைசி கியர்ல போட்டும் மிதிக்க முடியல. அதோட வலது காலை அழுத்துற ஒவ்வொரு தடவையும் 'கடக்'னு ஒரு சத்தம், நடு ஜாயின்ட் பக்கமா இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு. சீட்டும் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிகிட்டே வந்துச்சு. 9வது வளைவோட போதும்னு திரும்பிட்டேன். பயத்துல ரெண்டு பிரேக்கையும் புடிச்சபடியே மெதுவா இறங்கினேன், 3வது வளைவுகிட்ட முன் டியூப் பட்டாசு மாதிரி வெடிச்சுது. சாமி புண்ணியம், விழல. தள்ளிகிட்டே கீழ வந்து டியூப் மாத்தினேன், கடைல 'பழைய டியூப் தம்பி, அதான்'னு சொல்லிட்டாங்க.

என் கேள்வி மூணு. அந்த சத்தம் நடு ஜாயின்ட்டா, ஓடும்போதே மடங்கிடுமா? கியரை லேசாக்க முடியுமா? டியூப் ஏன் வெடிச்சுது? வீட்டுல அம்மா இனி மலை பக்கமே போகாதேன்னு சொல்றாங்க, எனக்கு அப்படி விட மனசு இல்ல.

கோரிமேடு சைக்கிள்காரன்

தம்பி, முதல்ல நீங்க நல்லபடியா வீடு வந்து சேந்ததே பெருசு. இந்த ரோட்டுல பதினாலு வருஷமா ஏறி இறங்குறேன், அதுல ஆறு வருஷம் மடக்கு வண்டில.

வெடிச்ச டியூப் இன்னும் இருக்கா? தூக்கிப் போடலைன்னா எடுத்து ஓட்டை எந்தப் பக்கம்னு பாருங்க. ரோட்டை பாத்த பக்கம் ஓட்டைன்னா முள்ளு, கண்ணாடி. உள் பக்கம், அதாவது ரிம்மை பாத்த பக்கம் கிழிஞ்சிருந்தா ரிம் டேப்தான் காரணம். விலை கம்மி வண்டில ரிம்முக்குள்ள ஒரு பிளாஸ்டிக் பட்டை மட்டும் இருக்கும், ரிம் சூடானா அது இளகி நகந்துடும், டியூப் போக்ஸ் கம்பி ஓட்டைக்குள்ள பிதுங்கி வெடிக்கும்.

மலை இறக்கத்துல சூடு எவ்வளவுன்னு ஒரு கணக்கு சொல்றேன். நீங்களும் வண்டியும் சேந்து 90 கிலோன்னு வைங்க, ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வரைக்கும் 1,000 மீட்டர் இறக்கம், அதுல வர்ற சக்தி கிட்டத்தட்ட மூணு லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வச்சிடும். வேகமா இறங்கினா அதுல நல்ல பங்கை எதிர்காத்து வாங்கிக்கும், மெதுவா பிரேக்கை புடிச்சுகிட்டே வந்தா அவ்வளவும் ரிம்முக்குத்தான் போகும். பெரிய சைக்கிள் ரிம்மோட பாத்தா 20 இன்ச் ரிம்ல மூணுல ரெண்டு பங்கு உலோகம்தான் இருக்கு, அதனால சீக்கிரம் கொதிச்சிடும். வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்டுல ரெண்டு பிரேக்கையும் நல்லா புடிச்சு வேகத்தை குறைச்சு, அப்புறம் முழுசா விட்டுடணும். ரெண்டு மூணு வளைவுக்கு ஒருக்கா ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. ரிம்ல கை வச்சு பாக்காதீங்க, கொப்பளிச்சிடும்.

இப்ப சத்தம். ஜாயின்ட்தான்னு காதை நம்பி முடிவு பண்ணாதீங்க, பிரேம் குழாய் வழியா சத்தம் எங்கிருந்தோ எங்கயோ போகும். ஒவ்வொண்ணா பாருங்க. சீட்டை விட்டு எந்திரிச்சு மிதிச்சா சத்தம் நின்னுச்சுன்னா சீட் குழாய். அப்பவும் வந்தா பெடல், கிராங்க் (பெடல் மாட்டுற கை), இல்ல பிபி (கிராங்க் சுத்துற நடு பேரிங்). வேற பெடல் கடன் வாங்கி மாத்திப் பாருங்க, இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம்ங்கிறத மறந்துடாதீங்க. அப்புறம் முன் பிரேக்கை இறுக்கி புடிச்சுகிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டி, இன்னொரு கை விரலை ஜாயின்ட் சேர்ற இடத்துல குறுக்க வச்சுப் பாருங்க. ரெண்டு பாதியும் தனித்தனியா அசைஞ்சா விரலுக்கு தெரியும். ஹேண்டில் குழாய் மடங்குற இடத்துலயும் இதே மாதிரி பாருங்க. ஜாயின்ட்டை பூட்டுற லீவர் மூடும்போது பாதியிலயே எதிர்ப்பு குடுக்கணும், உள்ளங்கைல அச்சு பதியுற அளவுக்கு அழுத்தினாத்தான் மூடணும். சுலபமா மூடுதுன்னா லீவர் போல்ட்டை கால் சுத்து, கால் சுத்தா இறுக்கிப் பாருங்க.

கடைசியா, ஜாயின்ட் வெல்டிங்கை சுத்தி மண்ணெண்ணெய் துணில துடைச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. முடி மாதிரி கோடு தெரியுதான்னு. இத பாக்காம அடுத்த சவாரி வேண்டாம்.

அம்மாபேட்டை 20 இன்ச்

அண்ணா, ரொம்ப நன்றி. டியூப் வச்சிருந்தேன், ஓட்டை உள் பக்கம்தான். டயரை கழட்டினா பிளாஸ்டிக் பட்டை ஒரு பக்கமா சுருண்டு கிடக்கு, நாலு போக்ஸ் ஓட்டை அப்படியே தெரியுது.

சீட் குழாய்ல எண்ணெய் இருந்துச்சு, முன்னாடி வச்சிருந்தவர் சுலபமா இறங்கட்டும்னு போட்டிருப்பார் போல, துடைச்சதும் இறங்குறது நின்னுடுச்சு. சத்தம் எந்திரிச்சு மிதிச்சாலும் வருது. பக்கத்து வீட்டு பையன் பெடலை மாட்டினேன், சத்தமே இல்ல! மடக்குற பெடலோட கொண்டி ஆடியிருக்கு.

ஆனா ஒண்ணு. ஜாயின்ட்ல அசைவு இல்ல, ஆனா கீழ்ப் பக்கம் வெல்டிங் ஓரமா ஒரு கோடு தெரியுது, அரை இன்ச் நீளம் இருக்கும். பெயின்ட் மட்டும் விட்டிருக்குமோ? சத்தம்தான் பெடல்னு தெரிஞ்சிடுச்சே, ஓட்டலாமாண்ணா?

செவ்வாப்பேட்டை மெஷின்

பெயின்டா இருக்கும் பிரதர். அப்படியே கிராக்னாலும் நம்ம ஊர்ல ஆர்கான் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? ஒரு கோடு ஓட்டி விட்டா பழையபடி ஆயிடும்.

கோரிமேடு சைக்கிள்காரன்

தம்பி, ஓட்டாதீங்க. ஜங்ஷனுக்கு கூட வேண்டாம், இன்னைக்கு பஸ்ல போங்க. சத்தத்துக்கு காரணம் தெரிஞ்சதுல மனசு லேசாகிடும், அங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும், இந்த கோட்டுக்கும் அந்த சத்தத்துக்கும் சம்பந்தமே இல்ல. அலுமினியம் விரிசல் சத்தம் போட்டு சொல்லணும்னு அவசியம் இல்ல, ஒரு நாள் பள்ளத்துல இறங்கும்போது சட்டுனு விட்டுடும்.

செவ்வாப்பேட்டை தம்பி நல்லெண்ணத்துலதான் சொல்றார், ஆனா இரும்பு பிரேமுக்கு பொருந்துறது இதுக்கு பொருந்தாது. சைக்கிள்ல வர்ற அலுமினியம் பெரும்பாலும் 6061 ரகம், பேக்டரில வெல்டிங் முடிஞ்சதும் முழு பிரேமையும் சூளைல வச்சு பதம் ஏத்துவாங்க. நாம தனியா ஒரு இடத்துல வெல்டிங் அடிச்சா அந்த சூட்டுல சுத்தி இருக்கிற இடமெல்லாம் பதம் போய் மெத்துனு ஆயிடும். ஒட்டின கோடு நிக்கும், அதுக்கு பக்கத்துல உடையும். அதுவும் மொத்த பாரமும் வந்து விழுற நடு ஜாயின்ட்ல.

கிராக்கா பெயின்டான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. நல்ல பேப்ரிகேஷன் பட்டறைல டை பெனிட்ரன்ட் டெஸ்ட் பண்ணுவாங்க, மூணு ஸ்ப்ரே டப்பா. அந்த இடத்துல பெயின்டை எடுத்து, கிளீனர் அடிச்சு துடைச்சு, செவப்பு மையை அடிச்சு பத்து நிமிஷம் விட்டு, மேல இருக்கிற மையை துடைச்சிட்டு வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடிக்கணும். விரிசல் இருந்தா உள்ள போன மை வெள்ளைல செவப்பு கோடா ஊறி வரும். வரலைன்னா பெயின்ட்தான், நிம்மதியா இருக்கலாம்.

பல்லு எண்ணுறவன்

டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் கியர் கேள்விக்கு நான் சொல்றேன், யாரும் தொடல. பின்னாடி பெரிய பல்லு 28 தானே? 20 இன்ச் டயர் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 1.5 மீட்டர் போகும். 52ஐ 28ஆல வகுத்து 1.5ஆல பெருக்குங்க, பெடல் ஒரு சுத்து சுத்தினா 2.8 மீட்டர். கியர் வச்ச 26 இன்ச் வண்டில முன்னாடி 28 பின்னாடி 28 போட்டு ஏறுறவங்களுக்கு 2 மீட்டர்தான். வீல் சின்னதா இருந்தா ஏறுறது சுலபம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அந்த சின்ன வீலுக்கு ஈடு கட்டத்தான் 52 பல்லு போட்டிருக்காங்க, சமதரைக்கு அது சரி, மலைக்கு முட்டிய தேய்ச்சிடும்.

பின்னாடி 14-34 பல்லு ஃப்ரீவீல் (பின் கியர் செட்), முன்னாடி 42 பல்லு போட்டா 1.85 மீட்டர் ஆகும். நிமிஷத்துக்கு 60 மிதின்னா மணிக்கு ஆறே முக்கால் கிலோமீட்டர் வேகம், மெதுவா இருந்தாலும் மூச்சு வாங்காம போயிடலாம். சமதரைல 80 மிதிக்கு 21 கிலோமீட்டர் வேகம் வரும், ஜங்ஷனுக்கு அது தாராளம். ரெண்டு விஷயம் பாக்கணும். டிரெய்லியர் (செயினை கியர் மாத்தி விடுற பாகம்) 34 பல்லு வரைக்கும் தாங்குற ரகமான்னு கேட்டு வாங்குங்க. செயின் வீல் கிராங்கோட ரிவிட் அடிச்சு வந்திருந்தா தனியா கழட்ட முடியாது, கிராங்க் செட்டே மாத்தணும். செயினையும் குறைக்கணும். முதல்ல ஃப்ரீவீல் மட்டும் மாத்தினாலே 2.3 மீட்டர் வந்துடும், அதுல பாதி கஷ்டம் தீரும்.

லூப் ரோடு அக்கா

நான் சென்னைல இருக்கேன், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் புடிச்சு விடியுறதுக்கு முன்னாடி சேலம் ஜங்ஷன்ல இறங்கி, பஸ்ல மேல போய், ஏரிகிட்ட வண்டிய விரிச்சு லூப் ரோடு 32 கிலோமீட்டர் சுத்திட்டு வருவேன். தம்பி, 20 வளைவையும் மிதிச்சுத்தான் ஏறணும்னு ஒண்ணும் இல்ல, மடக்கு வண்டியோட அருமையே அதுதான். காபி தோட்டத்துக்கு நடுவுல, மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரத்துக்கு அடியில சத்தமில்லாம போறது இருக்கே, அதுக்காகவே நான் இந்த வண்டிய வச்சிருக்கேன். கண்டக்டர்கிட்ட முதல்லயே சொல்லி லக்கேஜ் டிக்கெட் வாங்கிட்டா பிரச்சினை இல்ல. ட்ரெயின்ல ரிசர்வேஷன் பெட்டில போறப்ப ஒரு துணி உறை போட்டுடுங்க, கிரீஸ் யார் மேலயும் படக்கூடாது.

பையை ஹேண்டில்ல தொங்க விடாதீங்க. மடக்கு வண்டி ஹேண்டில் குழாய் நீளம், அதுல பாரம் தொங்கினா வண்டி அலையும், வளைவுல ரொம்ப அலையும். குரங்கும் பையை பாத்து ஓடி வரும். பின் கேரியர்ல பை கட்டினா குதிகால் இடிக்குதான்னு வீட்டுலயே மிதிச்சுப் பாருங்க, இந்த வண்டிங்கள்ல பின் வீல் காலுக்கு ரொம்ப கிட்ட இருக்கும். ஏறும்போது எந்திரிச்சு நின்னு ஹேண்டிலை இழுத்து மிதிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, உக்காந்தே மிதிங்க. சாயங்காலம் மேல பனி இறங்கிடும், லைட் இல்லாம இறங்கவே இறங்காதீங்க.

அம்மாபேட்டை 20 இன்ச்

டெஸ்ட் பண்ணிட்டேன். பட்டறைக்கார அண்ணன் காசு கூட வாங்கல. வெள்ளை அடிச்சு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் தெரியல, எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, அப்புறம் மெல்ல மெல்ல செவப்பு ஊறி வந்துச்சு. வெளிய அரை இன்ச்னு நினைச்சது கிட்டத்தட்ட ஒண்ணரை இன்ச். அந்த அண்ணன் என் தோளை தொட்டு 'இதுலயா ஏற்காடு இறங்கின?'ன்னு கேட்டார், எனக்கு பதில் வரல.

பிரேம் போச்சு. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. வீல், பிரேக், டிரெய்லியர், சீட் எல்லாம் நல்லா இருக்கு, வேற பிரேம் கிடைச்சா மாத்திக்கலாமா, இல்ல வேற வண்டியே பாக்கவா? திரும்ப செகண்ட் ஹேண்ட்தான் முடியும், இந்த தடவை என்னென்ன பாக்கணும்ணா?

கோரிமேடு சைக்கிள்காரன்

மடக்கு பிரேம் தனியா கிடைக்கிறது கஷ்டம் தம்பி, முழு வண்டியா பாருங்க. பழைய பாகங்களை ஸ்பேரா வச்சுக்குங்க, பின் கியர் 7தான்னா ஃப்ரீவீல், டிரெய்லியர் அப்படியே உக்காரும். போகும்போது டார்ச்சும் துணியும் எடுத்துட்டு போங்க. ஜாயின்ட்டை திறந்து உள் முகம் ரெண்டும் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருந்தா லூசாவே ஓட்டியிருக்காங்கன்னு அர்த்தம், வேண்டாம். வெல்டிங் ஓரத்துல புதுசா பெயின்ட் தொட்டு வச்சிருந்தா, விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். வேகமா போறது முக்கியம் இல்லைன்னா இரும்பு பிரேமும் பாருங்க, ஒண்ணு ரெண்டு கிலோ கூட இருக்கும், ஆனா நம்ம ஊர் பட்டறைல சரி பண்ண முடியும்.

டயர் ஓரத்துல நம்பர் படிங்க. 406னு முடிஞ்சா பசங்க சைக்கிள் விக்கிற எந்த கடைலயும் டயர், டியூப் கிடைக்கும். 451னா அதுவும் 20 இன்ச்னுதான் சொல்வாங்க, ஆனா 406 டயர் அதுல ஏறாது, 451 டயரை இங்க தேடி அலையணும். வால்வு மோட்டார் பைக் வால்வா இருந்தா எந்த பஞ்சர் கடைலயும் காத்து அடிக்கலாம், ஆனா கம்ப்ரஸர்ல கவனம், சின்ன டியூப் கண் மூடி திறக்குறதுக்குள்ள ரொம்பிடும். வாங்கின அன்னைக்கே பிளாஸ்டிக் பட்டைய எடுத்துட்டு துணி ரிம் டேப் ஒட்டிடுங்க.

அப்புறம் பழைய பிரேமை இரும்புக் கடைல போடுறதுக்கு முன்னாடி அந்த ஜாயின்ட் இடத்துல ரம்பத்தால ரெண்டா அறுத்துடுங்க தம்பி. அப்படியே போட்டா யாராவது பெயின்ட் அடிச்சு வித்துடுவாங்க.

அம்மாபேட்டை 20 இன்ச்

அறுத்துட்டேன் அண்ணா. பட்டறைலயே.