புதுப்பிப்பு: கப்பல் பயணத்தில் கரை இறங்கியபோது யாரோடு போனோம்

அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போகிறோம், துறைமுகங்களில் கப்பல்காரரின் குழுவோடு போவதா, நாமே பதிவு செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. நேற்றுத்தான் கல்லடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ரோமுக்குக் குழுவோடு போனதுதான் சரி. கப்பல் நிற்கும் சிவித்தாவெக்கியா அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மட்டக்களப்பிலிருந்து அம்பாறை போகிற மாதிரி. திரும்பும்போது நெரிசலில் பஸ் பிந்தியது, கப்பல் காத்து நின்றது. தனியாகப் போயிருந்தால் நிற்காது.

நேப்பிள்ஸில் கப்பல் நகரத்தின் வாசலிலேயே நிற்கும். நாங்களே ரயில் ஏறி, எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பழைய நகரமான பொம்பெய் போனோம். அங்கே கல் பாவிய தெருவில் பழைய வண்டில் சக்கரத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அம்மா குனிந்து அதற்குள் விரலை வைத்து, "நம்மட வண்டில் பாதை மாதிரியே கிடக்கு பிள்ள" என்றா. கால் மணி நேரம் அசையவில்லை. கொடி பிடித்த வழிகாட்டியோடு போனால் அந்தக் கால் மணி கிடைத்திருக்காது.

கிரேக்கத் தீவான சாந்தொரினியில் நாங்களே போனதுதான் பிழையாகிவிட்டது. கப்பலிலிருந்து படகில் வந்து இறங்கினால் மேலே உள்ள ஊருக்கு ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படி, இல்லையென்றால் கேபிள் கார். அந்த வரிசையில் அம்மாவை வெயிலில் நிறுத்தியது இன்னும் மனதைக் குத்துகிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் அங்கே குழுவோடே போங்கள். குழுவில் வருகிறவர்களை வேறு துறையில் இறக்கி பஸ்ஸில் ஏற்றிப் போகிறார்கள்.