புதுப்பிப்பு: ஆடிக்கொண்டிருந்த பல் அடைப்பு

போன வாரம் எழுதியிருந்தேனே, ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிடும்போது கடைவாய்ப் பல்லின் அடைப்பு ஆட ஆரம்பித்துவிட்டது, வலி இல்லை, சம்பளம் வரும்வரை பொறுக்கலாமா என்று. பொறுக்க முடியவில்லை. செவ்வாய் காலை ஹட்டன் குளிரில் பஸ்ஸுக்கு நின்று வாயால் மூச்சு இழுத்ததும் பல்லுக்குள் ஊசி ஏறியதுபோல இருந்தது, சூடான பிளேன்டீ பட்டாலும் அதே கதை. கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்துச் சமாளித்தேன், நாக்கு மரத்ததுதான் மிச்சம்.

சம்பளத்துக்குக் காத்திருந்ததே மடத்தனம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசே கேட்கவில்லை. துண்டு எடுத்து இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்ததுதான். டாக்டரம்மா கொக்கி போன்ற கம்பியால் ஒரு தட்டுத் தட்டியதும் அடைப்பு முழுசாகக் கழன்று வந்தது, அடியில் கறுப்பாக, மெத்தென்று சொத்தை. அடைப்பின் ஓரத்தில் இடைவெளி விழுந்து எச்சிலும் கிருமியும் உள்ளே போயிருக்கிறது, அதனால்தான் ஆடியிருக்கிறது. சூப்பர் குளூ போட்டு ஒட்டச் சொன்ன தம்பிக்கு: ஒட்டியிருந்தால் சொத்தையையும் சேர்த்துப் பூட்டி வைத்திருப்பேன்!

சுரண்டிவிட்டுத் தற்காலிக அடைப்பு வைத்திருக்கிறார்கள். அதிலும் கராம்பு வாசம்தான், கராம்பு எண்ணெயில் இருக்கும் அதே யூஜெனால் சேர்ந்த மருந்தாம். இரண்டு வாரத்தில் வலி இல்லாவிட்டால் நிரந்தர அடைப்பு, நரம்பு வரை போயிருந்தால் வேர்ச் சிகிச்சைக்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்குத் துண்டு தருவார்களாம். இப்போதைக்கு இடப்பக்கம் மட்டும்தான் மெல்லுகிறேன், ரொட்டி இல்லை, சோறுதான்.